சராசரி முப்பத்தெட்டு

துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த நண்டுக் கொம்பனியில் நஜ்முன் நிஸாவுக்கு ஆறு வருடப் பழக்கம். அவித்த நண்டின் ஓட்டைக் கத்தி நுனியால் நெம்பி, சதை முறியாமல் எடுப்பாள். ஒரு நாளைக்கு ஏழு கிலோவை அவளைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. ஆனாலும் அவள் தலையில் நீலத் தொப்பிதான். நீலம் என்றால் தற்காலிகம். ஐந்து மாதம் வேலை, பத்து நாள் நிற்பாட்டு, பிறகு புதுக் கடிதம். வெள்ளைத் தொப்பிக்காரர்கள் நிரந்தரம். அவர்களுக்கு மருத்துவக் காப்புறுதிக் கார்ட் உண்டு. சுகமில்லாமல் படுத்தாலும் சம்பளம் வரும்.

நிஸாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. டொக்டர் இரண்டு முறை ஒப்பரேசனுக்குத் திகதி கொடுத்தும் அவள் போகவில்லை. ஒப்பரேசன் இலவசம்தான். அதற்குப் பிறகு ஆறு கிழமை, ஒன்றரை மாதம், படுத்திருக்க வேண்டும். கணவர் முனாப் மௌத்தாகி ஏழு வருடம்; வீட்டில் உழைப்பவள் அவள் ஒருத்திதான். ஆறு கிழமை வராமல் நின்ற நீலத் தொப்பியைக் கொம்பனி திரும்பக் கூப்பிட்டதாகக் கதையே இல்லை.

வெள்ளைத் தொப்பி தங்கரத்தினம் வேலையை விட்டுப் போனபோது ஓரிடம் காலியானது. நிஸா விண்ணப்பம் கொடுத்தாள். மனேஜர் பிரகலாதன் அவளை ஒபிசுக்குள் கூப்பிட்டுக் கதிரை காட்டினார். ஆறு வருடத்தில் அந்தக் கதிரையில் அவள் உட்கார்ந்தது அன்றுதான்.

“நிஸாக்கா, உங்கட வேலையில ஒரு குறையும் சொல்லேலாது.”

“அப்ப என்ன சேர்?”

“வயசுதான். காப்புறுதிக்காரர் எங்கட ஆக்களின்ர சராசரி வயசைப் பார்த்துத்தான் காசு கேக்கிறாங்கள். முப்பத்தெட்டைத் தாண்டினா எல்லாருக்கும் சேர்த்துக் கூடக் கட்டவேணும். உங்களுக்கு நாப்பத்தாறு. முதலாளி ஒத்துக்கொள்ளார்.” அவர் பேனையை உருட்டினார். “உங்கட மகளுக்கு எத்தனை வயசு?”

“பத்தொம்பது. ஏ.எல். சோதினை எடுக்கப்போறா.”

“அவவைக் கொண்டுவாங்கோ. நாளைக்கே வெள்ளைத் தொப்பி தரலாம். சின்னப் பிள்ளை வந்தாச் சராசரி இறங்கும்.”

“அந்தக் கார்டில எனக்கு வைத்தியம் பார்க்கலாமா?”

“அது ஏலாது அக்கா. வேலை செய்யிற ஆளுக்கு மட்டும்தான்.”

பெரிய உபகாரம் செய்தவர்போலச் சிரித்தார். நிஸா எழுந்து வெளியே வந்தாள். காய்ச்சல்கூட வராத பிள்ளைக்குக் கார்ட். கட்டியைச் சுமந்துகொண்டு நண்டு உரிக்கிறவளுக்கு ஒன்றுமில்லை.

மேசைக்குத் திரும்பியதும் பக்கத்தில் நின்ற றிஷானா கேட்டாள்: “என்ன ராத்தா, வெள்ளையா நீலமா?”

“எனக்கில்லையாம். மகள் ஷிஃபானாவுக்காம். அவ வந்தாச் சராசரி இறங்குமாம்.”

“தொட்டில்ல கிடக்கிற புள்ளையக் கேக்கச் சொல்லுங்க. இன்னும் நல்லா இறங்கும்.”

அன்று கிண்ணியாவிலுள்ள வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் ஷிஃபானா கொப்பியை மூடினாள். “நான் போறன் உம்மா. சோதினைய அடுத்த வருஷம் எடுக்கலாம்.”

“வாயப் பொத்து புள்ள. படிக்கிற வேலையப் பாரு.”

ஆனால் நிஸாவுக்குப் படுக்க முடியவில்லை. இந்த வருடம் கார்ட் வந்த எல்லாருடைய பட்டியலையும் ஒபிஸ் வாசலில் ஒட்டியிருந்தார்கள். பெயரும் பதவியும் பிறந்த திகதியும் அதில் இருந்தன. மறுநாள் தேநீர் நேரத்தில் அதைப் போனில் படமெடுத்துக்கொண்டு வந்தாள்.

வர்த்தகம் படிக்கிற ஷிஃபானா இருபத்தைந்து பேரின் பெயரையும் வயதையும் கொப்பியில் எழுதிக் கூட்டினாள். “சராசரி முப்பத்தேழு தசம் எட்டு. நீங்க சேர்ந்தா முப்பத்தெட்டைத் தாண்டுதுதான் உம்மா.” பிறகு போனைக் கிட்டப் பிடித்தாள். “இதென்ன, ஒருத்தருக்கு அறுபத்தொம்பது. ஆலோசகராம்.”

பெயரைக் கேட்டதும் நிஸாவுக்கு ஆளைத் தெரிந்தது. முதலாளியின் தகப்பன். வருடத்தில் ஒரு நாள், கொம்பனிப் பூசைக்கு வந்து வடை சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்.

“அவர எடுத்துட்டு என்னப் போட்டுப் பாரு.”

ஷிஃபானா பார்த்தாள். “முப்பத்தேழுகூட வராது.”

மறுநாள் அந்தக் கணக்குத் தாளைக் கிழித்தெடுத்துக்கொண்டுபோய் நிஸா பிரகலாதனின் மேசையில் வைத்தாள். இந்த முறை அவள் உட்காரவில்லை. அவர் வாசித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

“பெரியவருக்கு நெஞ்சில ரெண்டு தரம் ஒப்பரேசன் நடந்தது அக்கா. அவரை எப்பிடி எடுக்கிறது?”

“அவருக்கு வருத்தம், அதால கார்ட் வேணும். எனக்கும் வருத்தம், அதால கார்ட் தரேலாது. அப்பிடியா சேர்?”

பிரகலாதன் மின்விசிறியைப் பார்த்தார். “மகளா கணக்குப் பார்த்தவ? கெட்டிக்காரி. ஒபிசிலேயே போடலாம். யோசிச்சுப் பாருங்கோ.”

“அவவுக்கும் ஒரு நாளைக்கு நாப்பத்தாறு வயசு வரும் சேர். அப்ப அவவின்ர மகளக் கேப்பீங்களா?”

அவள் தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் இருந்த பட்டியலுக்குக் கீழே அதை ஒட்டினாள். நீலத் தொப்பிகள் கூடி நின்று வாசித்தார்கள். றிஷானா உரக்க வாசித்துக் காட்டினாள். வடை சாப்பிட வருகிறவர் பெயர் வந்த இடத்தில் வெள்ளைத் தொப்பிகளும் சிரித்துவிட்டார்கள்.

மத்தியானத்துக்குள் பட்டியலும் இல்லை, தாளும் இல்லை. வெள்ளிக்கிழமை நிஸாவுக்கு நிற்பாட்டுக் கடிதம் வந்தது. வழக்கமாகத் திரும்ப வரவேண்டிய திகதி இருக்கும். இம்முறை அந்த இடம் வெறுமையாக இருந்தது. அவளுடைய இடத்தில் இருபது வயதுப் பிள்ளை ஒன்று நின்று, கத்தியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று றிஷானாவிடம் கேட்டுக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை ஷிஃபானாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு நிஸா கிளினிக்குக்குப் போனாள். சோற்றுக்கு என்ன வழி என்று அவளுக்கு இன்னும் தெரியாது. டொக்டர் பழைய துண்டுச் சீட்டுகளைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“ரெண்டு தரம் வராம விட்டிருக்கிறீங்க. இப்ப ஆறு கிழமை லீவு கிடைக்குமா?”

“கிடைச்சிட்டு டொக்டர்,” என்றாள் நிஸா. “கொம்பனியே தந்துட்டு.”