சுவரைப் பார்த்து நின்ற பீரோ

கட்டிலை ஜன்னலோரம் போட்டார் லோடுமேன். பிறகு கதவோரம் இழுத்தார். பிறகு பழையபடி ஜன்னலுக்கே தள்ளினார். ஊரார் வீட்டுச் சாமானை ஏற்றி இறக்கியே தேய்ந்த முதுகு அது. ஒரு கட்டிலுக்காக இத்தனை அல்லாட்டம் அது கண்டதில்லை.

மகள் வருகிறாள். பெண்டாட்டி கண்ணை மூடியபோது இவர் லாரியோடு திரிகிற ஆள், வீடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. குழந்தையை மைத்துனிதான் தூக்கிக்கொண்டு போய் வளர்த்தாள். இப்போது பெண்ணுக்குப் பதினைந்து வயது. இவரும் எப்படியோ கதவு வைத்த அறை உள்ள வீடாகப் பிடித்துவிட்டார். மைத்துனி போனில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள்.

"பொண்ணு வந்து பாக்கட்டும் மாமா. பிடிச்சா இருக்கட்டும். பிடிக்கலன்னா சாயங்காலம் என்கூடவே கிளம்பிடுவா. நீங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

மூஞ்சியா பெரிது. சாயங்காலம் என்ற அந்த ஒரு சொல்தான் மூட்டையாக ஏறி உட்கார்ந்திருந்தது அவருக்கு. அதை இறக்கி வைக்க இடம் தெரியாமல்தான் கட்டிலை இழுத்துக்கொண்டிருந்தார்.

வந்துவிட்டார்கள். மைத்துனி குழாயைத் திறந்து பார்த்தாள், கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தாள். "அடுத்த தெருவுல என் சிநேகிதி இருக்கா. ஒரு எட்டுப் பாத்துட்டு வந்திடறேன்" என்று செருப்பை மாட்டினாள். பெண்ணை யோசிக்க விட்டுப் போகிறாள் என்று இவருக்குப் புரிந்தது.

மகள் அறை வாசலிலேயே நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை.

"பீரோ ஏம்ப்பா சுவத்தப் பாத்து நிக்குது?"

லோடுமேன் அப்போதுதான் கவனித்தார். லாரியில் பீரோவை அப்படித்தான் நிறுத்துவார்கள், கதவுப் பக்கம் பலகையோடு ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் பள்ளத்திலேயே வாயைப் பிளந்துகொண்டு உள்ளே இருப்பதையெல்லாம் ரோட்டில் கொட்டிவிடும். பீரோ மட்டுமா. மேசைமேல் நாற்காலி தலைகீழாகக் கிடந்தது. நிலைக்கண்ணாடி கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே சொருகியிருந்தது. எல்லாம் ஒரே பக்கமாக நெருக்கியடித்து நிற்க, மறுபாதி அறை வெறிச்சோடிக் கிடந்தது. கை அதன் பழக்கத்துக்கு அடுக்கித் தள்ளியிருக்கிறது.

"நடுவுல சாக்கு வேற" என்றாள்.

"உரசக் கூடாதுன்னு வெச்சேம்மா."

"எதுக்கு உரசப் போகுது? ரூமு எங்கயாவது ஓடுதா?"

"பழக்கம்..."

"துணி எப்படி எடுக்கறது? பீரோவோட முதுகச் சொரண்டியா?"

அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. "காலி பண்ற வீடு மாதிரி இருக்குப்பா" என்று மெல்லச் சொல்லிவிட்டுக் கைப்பேசியில் மணி பார்த்தாள்.

அவ்வளவுதான், அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறு நிமிடமே இரண்டும் தலைதெறிக்க ஓடின. பீரோவைத் தனியாளாகக் கட்டிப்பிடித்துத் திருப்பப் போனார். முதுகு சுரீரென்றது. அப்படியே நின்றுவிட்டார்.

"நகரு" என்றபடி மகள் உள்ளே வந்தாள். "நீ அந்த முனையப் பிடி. நான் சொல்ற இடத்துல வெய்யி."

சொன்னாள், சொன்னாள், சொல்லிக்கொண்டே இருந்தாள். பீரோ மூலைக்குப் போயிற்று. அங்கே வெளிச்சத்தை மறிக்கிறதாம், எதிர் மூலைக்கு வந்தது. கண்ணாடி மூன்று சுவரையும் சுற்றியது. எதுவும் சரிப்படவில்லை என்றுதானே ஒவ்வொரு தடவையும் மாற்றச் சொல்கிறாள்? சரிப்படாத அறையில் எவள் இருப்பாள்?

"ஒரு முடிவுக்கு வா தாயி" என்றார் மூச்சு வாங்க.

"தொழில்காரருக்கு அதுக்குள்ள இளைக்குதா?"

"தொழில்ல யாரும் இப்படிப் படுத்த மாட்டாங்க."

கடைசியில் கட்டிலை அறையின் நடுவே குறுக்காக இழுத்துப் போட்டாள். தலைமாடு ஜன்னல் பக்கம். கால்மாடு கதவை இடிக்கிற மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. கதவு பாதிதான் திறக்கும். அவருக்குப் பொறுக்கவில்லை.

"வழிய மறிக்குதும்மா. நாளைக்கு வெளிய எடுக்கணும்னா சிரமம்."

"எதுக்கு எடுக்கணும்?"

இறக்கி வைத்த சாமானை என்றாவது ஒருநாள் ஏற்றத்தான் வேண்டும், அதற்கு வழி விட்டுத்தான் இறக்க வேண்டும். அது தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது.

"சொல்லுப்பா. எதுக்கு?"

"எடுக்க வேணாம்" என்றார்.

அவள் கட்டிலில் ஏறிப் படுத்தாள். புரண்டாள். எழுந்து உட்கார்ந்தாள். ஜன்னலைத் திறந்தாள், சாத்தினாள், மறுபடி திறந்து வைத்தாள். லோடுமேன் கீழே கிடந்த சாக்கை எடுத்து மடித்தார்.

வெளியே செருப்புச் சத்தம். மைத்துனி அறைக் கதவைத் தள்ளினாள், கட்டில் காலில் இடித்து நின்றது.

"என்னடி இது, கோட்டைக் கதவா? கிளம்பலாமா?"

மகள் அப்பாவைப் பார்க்கவில்லை. கட்டில் சட்டத்தை நகத்தால் கீறிக்கொண்டே, "இன்னும் மேசைய எங்க போடறதுன்னு முடிவாகல சித்தி" என்றாள். "அது முடியறதுக்கே ஒரு வாரமாகும். அப்பறம் ஸ்கூல் திறந்துடும்."

மைத்துனி வயிற்றை எக்கிக்கொண்டு சந்து வழியாக உள்ளே நுழைந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். புடவை முந்தானையைச் சரிசெய்தாள், சரியாகத்தான் இருந்தது அது.

"எங்க வீட்டு ஹால்ல உன் பாயி சுருட்டி இருக்கு" என்றாள். "அத என்னடி பண்றது?"

"அங்கயே இருக்கட்டும். நான் வருவேன்ல."

"வருவியா?"

"வருவேன் சித்தி."

லோடுமேன் மேசையின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தபடி, மறுமுனைக்கு ஆள் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.