முன்கோபிக்கு ஒரு வாளி வெந்நீர்

ரேஸ் குதிரைகளின் பெயர் அட்டையில் அவளுக்கு ராஜகுமாரிக்கு வைப்பதுபோல நீளமாக ஒரு பெயர் இருந்தது. லாயத்தில் அந்தப் பெயரை யாரும் வாயில் எடுத்ததில்லை. அங்கே அவள் வெறும் முன்கோபி. தீவனம் வைக்கச் சற்றுத் தாமதித்தால் கதவை உதைப்பாள். சீக்கிரம் வைத்தால், எதற்கு இந்த அவசரம் என்பதுபோல வாளியை உதைப்பாள்.

அவளை நெருங்கி நிற்க ஒருத்தியால்தான் முடிந்தது. குதிரை வாரும் சீப்பை எந்நேரமும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்ததில் அவளுடைய பெயரே சீப்பு என்று ஆகிவிட்டிருந்தது. முன்கோபிக்குத் தீவனம் வைப்பது, குளம்பு சுத்தம் செய்வது, உடம்பு தேய்ப்பது எல்லாம் சீப்புதான். முன்கோபியை ஓட்டிய ஜாக்கி சீப்பின் கூடப்பிறந்த அண்ணன். உயரம் கொஞ்சம், எடை அதைவிடக் கொஞ்சம் என்பதால் அவன் சுண்டெலி.

முதல் ரேஸில் பயிற்சியாளர் சொன்னபடி அவளைக் கூட்டத்தின் நடுவே அடக்கி ஓட்டினான் சுண்டெலி. பின்னாலிருந்து ஒரு குதிரை ஏறி வந்து அவள் விலாவை ஒட்டியது. முன்கோபி ஓடுவதை விட்டுவிட்டு அதைக் கடிக்கத் திரும்பினாள். கடைசிக்கு முந்தின இடம் கிடைத்தது.

அடுத்த ரேஸில் அவன் பயிற்சியாளர் பேச்சைக் காற்றில் விட்டான். கதவு திறந்ததுமே கடிவாளத்தைத் தளர்த்தி அவளை அவள் போக்கில் விட்டான். அவள் போன போக்கில் இரண்டாவதாக வந்த குதிரை வேறு ரேஸில் ஓடியதுபோல இருந்தது.

"இவ ஜெயிக்கணும்னு ஓடல," என்றான் இறங்கியதும். "பின்னாடி வர்றவங்க மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு ஓடுறா."

"உன்னைச் சுமந்துக்கிட்டு ஓடுறாளே, அதுக்கே கோபம் வராதா?" என்றாள் சீப்பு.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க ஆளில்லை. ஓடிய மூன்று வருஷமும் பெட்டைக் குதிரைகளில் அவள்தான் முதல். பெரிய கோப்பைக்கான ரேஸில் ஆண் குதிரைகளும் சேர்ந்து ஓடின. கடைசித் திருப்பத்தில் ஒரு நெட்டைப் பழுப்புக் குதிரை மூச்சிரைக்க ஏறி வந்து அவள் விலாவை ஒட்டியது. கூட்டம் எழுந்து நின்றது. வேலியோரம் சீப்பு கண்ணை மூடிக்கொண்டாள். முன்கோபியின் காதுகள் இரண்டும் பின்னால் மடிந்து தலையோடு ஒட்டிக்கொண்டன. ஆனால் அவள் கடிக்கத் திரும்பவில்லை. எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ, இன்னொரு வேகத்தை எடுத்தாள். ஒரு கழுத்து நீளம் முந்தியதில் கோப்பை அவளுடையது.

ஓட்டம் முடிந்து வெளியே வந்ததும் நடப்பது எப்போதும் ஒன்றுதான். சீப்பு முதலில் கடிவாளத்தைக் கழற்றிவிட்டு மெத்தென்ற தலைக்கயிற்றை மாட்டுவாள். அப்புறம் ஒரு வாளி வெந்நீரும் கடற்பஞ்சும். தோளில் ஆரம்பித்து, விலா வழியாகத் தொடைவரை மெதுவாகக் கழுவுவாள். வாய் மட்டும் ஏதாவது பேசிக்கொண்டே இருக்கும். முன்கோபியின் தலை தாழும், கீழுதடு தொங்கும், ஒரு பின்னங்கால் குளம்பின் நுனியில் ஓய்வெடுக்கும். அப்போது யார் வேண்டுமானாலும் பக்கத்தில் போகலாம். அந்தப் பழுப்புக் குதிரைகூட அன்று தாண்டிப் போகும்போது அவளை முகர்ந்து பார்த்தது. அவள் கண்டுகொள்ளவில்லை.

"நானும்தான் ஓடி வந்திருக்கேன், எனக்கு ஒரு வாளி கிடையாதா?" என்று கேட்பான் சுண்டெலி.

"குழாயடி அந்தப் பக்கம் இருக்கு."

மறு வருஷம் முன்கால் நரம்பு பிசகியதும் முதலாளியம்மா அவளை ஓட்டத்திலிருந்து நிறுத்திக் குட்டி ஈனக் குதிரைப் பண்ணைக்கு அனுப்பினார். சுண்டெலிக்குக் கல்யாணமாகி அண்ணியின் கைப்பக்குவத்தில் தொப்பை விழுந்திருந்தது. அவனும் சவாரியை விட்டான். சீப்புக்கு நகரத்து லாயத்திலேயே வேறு நல்ல குதிரை தருவதாகச் சொன்னார்கள். அவள் ஒரு பெட்டியில் துணிமணியையும், முன்கோபியின் ரேஸ் கடிவாளத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு பண்ணைக்கு வண்டி ஏறினாள்.

முதல் பருவம் சினை பிடிக்கவில்லை. முதலாளியம்மாவின் முகம் சுருங்கியது. அடுத்த பருவத்தில் பிடித்தது. பதினொரு மாதம் சீப்பு அவள் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வெயில் ஏறும் நேரத்தில் குட்டி பிறந்தது. பெண்குட்டி, நெற்றியில் வெள்ளை. முன்கோபி அதை மூக்கிலிருந்து வால்வரை நக்கினாள். தொண்டைக்குள் மெல்லிசாக ஒரு சத்தம் எழுப்பினாள். இத்தனை வருஷத்தில் சீப்பு அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை.

குட்டி தட்டுத் தடுமாறி எழுந்து மடியைத் தேடிக்கொண்டு விலாப் பக்கம் வந்தது. முன்கோபியின் காதுகள் மடிந்தன. உதை மயிரிழையில் தப்பிக் கதவுப் பலகையில் விழுந்து பலகை பிளந்தது.

மறுபடி வந்தது. மறுபடி உதை.

டாக்டர் வந்தார். பண்ணையில் உறைய வைத்திருந்த வேறொரு தாயின் சீம்பாலைக் கரைத்துக் குட்டிக்குப் புட்டியில் கொடுத்தார். "இது இப்போதைக்குத் தாங்கும்மா. ஆனா சாயங்காலத்துக்குள்ள இவ ஏத்துக்கணும். இல்லைன்னா பால் கொடுக்க வேற குதிரையைக் கொண்டுவரணும்."

அவர் முதலாளியம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னார். போனிலிருந்து வந்த குரல் கொட்டடிக்கே கேட்டது.

"ஓடவும் முடியாது, பாலும் கொடுக்க மாட்டான்னா அவளை வச்சு நான் என்ன பண்றது? சாயங்காலம் வரைக்கும் பாருங்க. நாளைக்குக் காலைல ஏலத்துக்கு லாரி வருதில்ல, அதுல ஏத்திடுங்க."

குட்டியை உதைக்கும் குதிரையை ஏலத்தில் அடிமாட்டு விலைக்கு யார் எடுப்பார்கள், எதற்கு எடுப்பார்கள் என்று சீப்புக்குத் தெரியும். அந்த லாரியில் தனக்கு இடம் இருக்காது என்பதும் தெரியும்.

எப்படியாவது அவளைப் பிடித்து நிறுத்திக் குட்டியைப் பால் குடிக்க வைத்துவிடலாம் என்று தோன்றியது. பெட்டியைத் திறந்து ரேஸ் கடிவாளத்தை எடுத்துவந்து மாட்டினாள். இரண்டு வேலையாட்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடித்தார்கள். இரும்பு வாயில் பட்டதும் முன்கோபி நின்ற இடத்திலேயே குதிக்க ஆரம்பித்தாள். குட்டி கிட்டே வந்தது. ஒரு வேலையாள் வைக்கோலில் போய் உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்துக்கு அவனுக்கே ஒரு கோப்பை கொடுத்திருக்கலாம்.

மதியம் தாண்டி, சேதி கேட்டுச் சுண்டெலி வந்து சேர்ந்தான். ஒரு கையில் அண்ணி கொடுத்தனுப்பிய அடுக்குப் பாத்திரம்.

"சாப்பிட்டியா?"

"அண்ணா, இப்ப அதுதான் முக்கியமா?"

"உன் அண்ணி முதல்ல அதைத்தான் கேக்கச் சொன்னா. கேட்டுட்டேன்." பாத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தொப்பையைக் கதவின்மேல் சாய்த்து உள்ளே எட்டிப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். "இவளுக்கு எதுக்குக் கடிவாளம்?"

"பிடிக்கிறதுக்கு."

"பிடிக்கவா? அதை மாட்டினா ஓடணும்னுதான் அவளுக்குத் தெரியும். காதைப் பாரு. அன்னைக்கு அந்தப் பழுப்பன் விலாப் பக்கம் வந்தப்போ இதே காதுதான். என் கண்ணு முன்னாடியே இருந்துச்சு, மறக்குமா?" குரலைத் தாழ்த்தினான். "அவ குட்டியை உதைக்கல. இன்னும் ரேஸ் ஓடிக்கிட்டிருக்கா."

சீப்பு அந்தக் காதுகளைப் பார்த்தாள். பிறகு தன் கையிலிருந்த வாரைப் பார்த்தாள். மண்டையில் யாரோ குட்டியதுபோல இருந்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவளை நாமே இன்னும் விரட்டியிருக்கிறோம்.

உள்ளே போய்க் கடிவாளத்தைக் கழற்றினாள். மெத்தென்ற தலைக்கயிற்றை மாட்டினாள். வேலையாட்களைக் குட்டியோடு வெளியே அனுப்பினாள்.

"அண்ணா, ஒரு வாளி வெந்நீர்."

"இப்ப குளிப்பாட்டவாம்மா போற?" என்றார் டாக்டர். சற்று யோசித்து, "சரி, செய். மடியும் கல்லு மாதிரி வீங்கியிருக்கு. சூடு பட்டா வலி குறையும்" என்று தானே போய்க் கடற்பஞ்சைத் தேடிக் கொண்டுவந்தார்.

சீப்பு தோளில் ஆரம்பித்தாள். "முடிஞ்சுது கண்ணு. ஜெயிச்சாச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு." தண்ணீர் விலாவில் வழிந்தது. "உன்னைத் துரத்த யாரும் இல்லம்மா. சுண்டெலியைப் பாரு, அவனால இனிமே ஆட்டுக்குட்டி மேலகூட ஏற முடியாது."

"என் மானத்தை வாங்காம உனக்குப் பேசத் தெரியாதா?" என்றது கதவுக்கு வெளியிலிருந்து குரல்.

முன்கோபியின் தோல் ஒருமுறை நடுங்கி அடங்கியது. தலை கொஞ்சம் தாழ்ந்தது. சீப்பு அவசரப்படவில்லை. விலாவிலிருந்து தொடை, தொடையிலிருந்து மறுபடி விலா. வாளியில் பாதி காலியானபோது கீழுதடு தொங்கியது. இன்னும் கொஞ்சம் கழித்து ஒரு பின்னங்கால் குளம்பின் நுனியில் நின்றது.

சீப்பு கண்ணாலேயே அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் குட்டியை இரண்டு கையாலும் அணைத்தபடி ஓசைப்படாமல் கொண்டுவந்து விட்டான். ஈர விலாவில் குட்டியின் மூக்கு பட்டது. முன்கோபியின் ஒரு காது பின்னால் போனது. சீப்பு பஞ்சை நிறுத்தவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை. என்ன பேசுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. குட்டி முதலில் தொடையைச் சப்பியது. பிறகு கடற்பஞ்சைச் சப்பியது. பிறகு சீப்பின் முழங்கையை. அதன்பின் மடியைக் கண்டுபிடித்தது.

சப், சப் என்று சத்தம் கேட்டது. பின்னால் போன காது மெல்லத் திரும்பி வந்தது.

சுண்டெலி சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வெந்நீர் ஆவி," என்றான் யாரும் கேட்காமலே.

அன்றும் மறுநாளும் குட்டி பால் குடித்த போதெல்லாம் வாளி வந்தது. சுண்டெலி வீட்டுக்குப் போகாமல் தண்ணீர் சுமந்தான். காலையில் வந்த லாரி வேறு குதிரைகளை ஏற்றிக்கொண்டு போனது. சீப்பு அதன் சத்தம் தேயும்வரை பஞ்சைக் கையில் பிடித்தபடி நின்றாள். பிறகு ஒருநாள் வாளி வருவதற்குள்ளேயே குட்டி குடித்துக்கொண்டிருந்தது. முன்கோபி வைக்கோலை மென்றபடி, என்ன பார்க்கிறாய் என்பதுபோலச் சீப்பைப் பார்த்தாள்.

முதலாளியம்மா வந்து பார்த்தார். "என் முன்கோபியைப் போய் யாராவது விப்பாங்களா?" என்றார். டாக்டர் வானத்தைப் பார்த்தார்.

அதற்குப் பின் முன்கோபி ஈன்ற குட்டிகளுக்கு வாளி தேவைப்படவில்லை. ஆனால் சீப்பு அடிக்கடி நினைத்துக்கொள்வது அந்த முதல் குட்டிக்கு மூன்று மாதமான ஒரு காலை நேரத்தை. தாயும் மகளும் மேய்ச்சல் வெளியின் மறுகோடியிலிருந்து ஓடி வந்தார்கள். தாய் முன்னால், மகள் பின்னால். வேலியோரம் சீப்பும் சுண்டெலியும் நின்றிருந்தார்கள். நடுவெளியில் குட்டி வேகமெடுத்துத் தாயின் விலாவை ஒட்டியது.

சுண்டெலி மூச்சைப் பிடித்தான்.

குட்டி தாண்டிப் போனது. வாலைக் கொடிபோலத் தூக்கிக்கொண்டு, மண்ணைத் தாயின் முகத்தில் வாரி இறைத்துக்கொண்டு போனது. முன்கோபியின் காதுகள் இரண்டும் முன்னோக்கி நிமிர்ந்திருந்தன. இழுத்துப் பிடிக்க ஆளில்லாமலே அவள் தன் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.

"பார்த்தியா?" என்றான் சுண்டெலி.

"பார்த்தேன்," என்றாள் சீப்பு, இந்த முறை கண்ணை மூடாமல்.