வைக்கட்டுமா, தம்பி?

1

இந்தக் கதை ஒரு துண்டுப் பிரசுரமாகப் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஈப்போ பக்கத்தில் லகாட்டில் எங்கள் வீட்டு வரிசையின் கடைசி வீடு ஆம்புரோஸ் அண்ணனுடையது. சர்ச் கமிட்டியில் இருக்கிறார். ஒரு நாள் என் கேட்டுக்கு வெளியே நின்றபடி, கஸ்டமர் சர்வீஸ் என்று சொல்லிப் போனில் ஏமாற்றுகிறார்களே, அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடு, சர்ச்சில் பூசை முடிந்ததும் எல்லாருக்கும் கொடுக்கலாம் என்றார். நான் செட்டிநாட்டு வழிக் குடும்பம், முருகன் கோயில் ஆள். ஆனால் இந்த வரிசையில் தமிழில் எழுதுகிறவள் நான் ஒருத்திதான். எந்தச் சாமிக்கு எழுத வேண்டியிருந்தாலும் அது என் தலையில்தான் விழும்.

எழுதினேன். அசல் கம்பெனி உங்களை அவசரப்படுத்தாது. போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். சந்தேகம் வந்தால் போனை வைத்துவிட்டு, பில்லில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். படித்துப் பார்த்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. இதை வாங்குகிறவர் மடித்து விசிறிக்கொள்வார், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு அகதா அக்காவிடம் போய் வாசித்துக் காட்டினேன். அக்கா நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். மூன்றாவது வரியில் அவர் கை நின்றது.

"போன வெச்சிருங்கன்னு எழுதுறது லேசு தேவி. எப்படி வெக்கிறது?"

அதன் பிறகு, போன வாரம் தனக்கு வந்த ஓர் அழைப்பைப் பற்றிச் சொன்னார். எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். எழுது, ஆனால் என்னை மடச்சியாகக் காட்டாதே என்றார். (சரி என்று சொல்லிவிட்டேன். அது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

அகதா ஓர் அப்பாவி

அடித்துவிட்டேன். அப்பாவி என்றால் மடச்சிக்குச் சட்டை மாட்டிவிட்டது மாதிரி. அக்கா கண்டுபிடித்துவிடுவார்.

இரண்டாவது முயற்சி:

பீடோர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, ரப்பர் செம்பனையாகி, செம்பனை தாமான் குடியிருப்பாகி, பிழைக்க ஈப்போவுக்கு வந்து, ஒரு கிளினிக்கில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அகதா, அன்று காலை

தகவலில் பிழை இல்லை. ஆனால் இப்படி ஆரம்பித்தால் கதை தோட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பனிமூட்டம் வரும், பால் வாளி வரும், எனக்கும் அழுகை வரும். போன் அடிக்கவே அடிக்காது.

மூன்றாவது முயற்சி:

போன் அடித்தது.

இது போதும்.

3

தெரியாத எண். நான் எடுத்திருக்க மாட்டேன். நீங்களும் எடுக்க மாட்டீர்கள். அக்கா எடுப்பார். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன் என்று உங்களை இழுத்துப் பிடிக்கலாம்தான், ஆனால் அப்படி இழுத்துப் பிடிப்பது அந்தப் போன்காரனின் வேலை. இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்கு ஒரே மகன், டேரன். சில வருடங்களுக்கு முன்னால் சிங்கப்பூரிலிருந்து பேசினான். பேச்சு சண்டையானது. அக்கா கோபத்தில் பட்டென்று போனை வைத்துவிட்டார். அதோடு சரி. அவன் திரும்பக் கூப்பிடவில்லை. அவனுடைய பழைய எண்ணுக்கு அடித்தால் யாரோ ஒரு சீனப் பெண் எடுக்கிறாள். வேலை செய்த இடத்திலும் இல்லை, கூட்டாளிகளும் கை விரித்துவிட்டார்கள். அக்கா அதற்குப் பிறகு வீடு மாறி லகாட்டுக்கு வந்தார். ஆக, டேரனுக்குத் தெரிந்தது இந்தப் போன் எண் ஒன்றுதான். அக்கா போனை மாற்றியிருக்கிறார், எண்ணை மாற்றியதில்லை. எந்த அழைப்பையும் விட்டதில்லை. யாரிடமும் தானாக முதலில் வைத்ததும் இல்லை.

(இந்த மகன் கதைக்கு ரொம்ப வசதியாக வாய்த்திருக்கிறான் என்று யாராவது விமர்சனம் எழுதுவார். வாய்க்கவில்லை ஐயா. போய்விட்டான்.)

"வணக்கம்க்கா. கஸ்டமர் சர்வீஸ்லேருந்து ஜெயபாலன் பேசுறேன்."

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இந்த ஒரு வரியில் அக்காவுக்கு என்ன நடந்தது என்று வெளியூர் வாசகருக்குப் புரியாது. அக்கா அறிந்த கஸ்டமர் சர்வீஸ் என்பது மலாய்க்கு ஒன்றை அழுத்து, ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்து, மாண்டரினுக்கு மூன்றை அழுத்து. வாழ்நாளெல்லாம் ஒன்றை அழுத்தி, பாட்டுக் கேட்டுக் காத்திருந்து, தன் குறையை அடுத்தவர் மொழியில் சொன்னவர். அன்று கஸ்டமர் சர்வீஸே அவரைத் தேடி வந்தது. தமிழில் வந்தது. அக்கா என்று கூப்பிட்டது.

"மனசுக்கு எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமா," என்றார் என்னிடம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜெயபாலன் பொறுமையாக விளக்கியிருக்கிறான். அக்காவின் ஐசியை, அதாவது அடையாள அட்டையை வைத்து ஜொகூரில் யாரோ இன்னொரு எண் வாங்கியிருக்கிறார்களாம். அதிலிருந்து தப்பான செய்திகள் போகின்றனவாம். அதனால் அக்காவின் எண்ணை இன்றைக்கே வெட்டிவிடுவார்களாம். பயப்படாதீங்கக்கா, நான் இருக்கேன் என்றானாம். நடுவில், அக்கா எந்த எஸ்டேட் என்று கேட்டிருக்கிறான். அக்கா சொன்னார். எங்கம்மாவும் அந்தப் பக்கம்தான் என்றிருக்கிறான்.*

* பேராக் மாநிலத்தில் யாருடைய அம்மாதான் ஏதாவது ஒரு தோட்டத்துப் பக்கம் இல்லை? என்ன பதில் வந்தாலும் இதையே சொல்லலாம். எங்கே வேண்டுமானாலும் செல்லும்.

4

இந்த இடத்தில் எனக்குக் கை ஓடவில்லை. ஜெயபாலன் பேசியதை எல்லாம் எழுத வேண்டும். நன்றாக எழுதினால், நாளைக்கே எவனாவது இதைப் பார்த்துப் படித்து இன்னொரு அக்காவைக் கூப்பிடலாம். மோசமாக எழுதினால், இதுக்குப் போய் ஏமாந்தாளா என்று நீங்கள் சிரிப்பீர்கள், அக்கா மடச்சியாகிவிடுவார். அதனால் அவன் பேச்சில் பாதியை வேண்டுமென்றே விழுங்கிவிட்டேன். கதை அங்கங்கே தொளதொளவென்று இருந்தால் காரணம் அதுதான்.

இன்னொரு பயமும் இருக்கிறது. அவன் செய்ததைத்தானே நானும் செய்துகொண்டிருக்கிறேன்? லகாட் என்றேன். பீடோர் என்றேன். நெத்திலியைக் கொண்டுவந்தேன். நம்ம ஊர்க்காரி என்று நினைத்துக் காதைக் கொடுத்துவிட்டீர்கள். நான் யார் என்று உங்களுக்கு என்ன தெரியும்? எந்த எஸ்டேட் என்றுகூட நீங்கள் கேட்கவில்லை.

[ஜெயபாலன் ஒரு வேலை விளம்பரத்தைப் பார்த்துவிட்டு எல்லை தாண்டிப் போனவன். போன இடத்தில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேரை விழ வைக்காவிட்டால் அடி

நிறுத்திவிட்டேன். இருக்கலாம். அவனும் எங்கேயோ மாட்டிக்கொண்டவனாக இருக்கலாம். ஆனால் அவனுக்காக இப்போது அழ ஆரம்பித்தால் அழைப்பு நீளும். நீள்வதுதான் அவனுக்கு வேண்டும்.]

நீங்கள் நினைப்பதும் தெரிகிறது. ஜெயபாலன்தான் டேரன், கடைசியில் தாயும் மகனும் குரலை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். இல்லை. நான் அவ்வளவு கேவலமாக எழுத மாட்டேன். பெற்றவளுக்கு முதல் வணக்கத்திலேயே தெரிந்திருக்காதா?

5

அக்காவின் போனில் ஆறு இலக்க எண் ஒன்று வந்து விழுந்தது. அந்த எண்ணை மட்டும் சொல்லுங்கள், லைனைக் காப்பாற்றிவிடலாம் என்றான் ஜெயபாலன். யாரிடமும் பேசக்கூடாது, லைனை வைக்கவும் கூடாது என்றான். அந்த எண் உண்மையில் அக்காவின் பேங்க் கணக்குக்குச் சாவி. கிளினிக்கில் காலமெல்லாம் நின்று சேர்த்தது முழுக்க அதில்தான் கிடந்தது.

"காசு போயிரும்னு எனக்குத் தோணவே இல்ல தேவி. நம்பர் போயிரும்னுதான் பயந்தேன். நம்பர் போச்சுன்னா அவன் எதுல கூப்பிடுவான்?"

அடுப்பில் குழம்பு அடிபிடிக்கும் வாசனை வந்திருக்கிறது. அக்கா வழக்கம்போலக் கேட்டிருக்கிறார்: "வைக்கட்டுமா, தம்பி? கொழம்ப எறக்கிட்டு நானே கூப்பிடுறேன்."

நாம் யாரும் போனைச் சும்மா வைப்பதில்லை. வைக்கட்டுமா என்று கேட்போம். எதிரில் இருப்பவர் சரி வைங்க என்பார். அதற்குப் பிறகும் சாப்பிட்டாச்சா, மழையா என்று இன்னொரு சுற்றுப் பேசிவிட்டு மறுபடியும் வைக்கட்டுமா என்போம். கேட்காமல் வைத்தால் கோபம் என்று அர்த்தம். அப்படி ஒரு தடவை வைத்துத்தான் அக்கா மகனைத் தொலைத்தார்.

ஜெயபாலன், வைக்காதீங்கக்கா, வெச்சா நம்பர் போயிரும் என்றான்.

இதுவரை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்த அக்கா எழுந்து போய், அணைத்து வைத்திருந்த அடுப்பை இன்னொரு முறை அணைத்துவிட்டு வந்தார். வந்து, நெத்திலி விற்கிற விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அப்புறம் என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை. என்னை மடச்சியாகக் காட்டாதே என்று சொன்ன ஒருவர் கதையைப் பாதியில் நிறுத்தினால், அதற்கு மேல் எப்படிக் கேட்பது?

6

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. செய்துதான் பார்த்தேன்.

முடிவு அ: அக்கா போனை வைக்கிறார். பில்லை எடுத்து, அதில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிடுகிறார். அப்படி ஒன்றும் இல்லையே என்கிறார்கள். அக்கா மோசடிப் புகார் எண் 997க்கும் ஒரு போன் போட்டுவிடுகிறார். ஆம்புரோஸ் அண்ணனுக்கு ரொம்பப் பிடிக்கும். எனக்கு இதில் அக்காவையே காணோம்.

முடிவு ஆ: அக்கா ஆறு எண்ணையும் சொல்லிவிடுகிறார். கணக்கு துடைத்து எடுக்கப்படுகிறது. எல்லாம் முடிந்ததும் ஜெயபாலன் பணிவாக, "வைக்கட்டுமாக்கா?" என்கிறான். "சரி தம்பி, வைங்க," என்கிறார் அக்கா. இதை எழுதிவிட்டு நானே பயந்து எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

முடிவு இ: அதே நேரத்தில் டேரன் கூப்பிடுகிறான். லைன் பிஸி. அவன்

இல்லை. இதை எழுத மாட்டேன்.

7

எழுதியவரை எடுத்துக்கொண்டு மறுபடியும் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அக்கா மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். இரண்டாவது முடிவை வாசித்தபோது கை தானாக அவிழ்ந்தது.

"நாலு சொல்லிட்டேன்," என்றார்.

ஆறில் நாலு. நாலாவது எண்ணுக்குப் பிறகு குழம்பு நன்றாகவே கருகும் வாசனை வந்ததாம். மறுபடியும், வைக்கட்டுமா தம்பி என்று கேட்டிருக்கிறார். அவன் மறுபடியும் வைக்காதீங்க என்றிருக்கிறான்.

"வைக்கட்டுமான்னு கேட்டா வைக்காதீங்கன்னு சொல்ற மனுசன நான் பாத்ததே இல்ல தேவி. சண்டக்காரன்கூட சரி வைன்னுதான்லா சொல்லுவான். அப்பதான் எனக்கு பட்டுச்சு, இவன் நம்மாளு இல்லன்னு."

அப்புறம் வைத்துவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லையாம். கை வரவில்லையாம். அரிசி டின்னைத் திறந்து, போனை அரிசிமேல் படுக்க வைத்து, மூடியைப் போட்டு மூடிவிட்டாராம். குழம்பை இறக்கி, சட்டியைத் தேய்த்துக் கழுவும்வரை உள்ளேயிருந்து, அக்கா லைன்ல இருக்கீங்களா, அக்கா லைன்ல இருக்கீங்களா என்று கேட்டுக்கொண்டே இருந்ததாம். அப்புறம் அடங்கிவிட்டது. எண்ணை யாரும் வெட்டவில்லை.

நான் சிரித்துவிட்டேன். அக்காவும் சிரித்தார். கொஞ்ச நேரம் இருவராலும் நிறுத்த முடியவில்லை. ஆனால் சிரிப்பு முடியும்போது அக்காவின் கண் என் காகிதத்தின் மேல் இருந்தது. கம்பெனி என்றால் நீ எழுதியது சரிதான், வைத்துவிட்டுப் பில்லைப் பார்த்து நாமே கூப்பிடலாம் என்றார்.

"அது டேரனா இருந்து நான் வெச்சிட்டேன்னா, எந்த நம்பருக்கு கூப்பிடுவேன்?"

துண்டுப் பிரசுரத்தில் அதற்கு வரி இல்லை. கதையிலும் இல்லை.

8

நாங்கள் அப்படி உட்கார்ந்திருக்கும்போதே போன் அடித்தது. தெரியாத எண். அக்கா எடுத்தார். நானும் கேட்பதற்காக ஸ்பீக்கரில் போட்டார்.

இந்த முறை ஒரு பெண் குரல். வணக்கம்க்கா, கஸ்டமர் சர்வீஸ்லேருந்து பேசுறோம், உங்க ஐசி நம்பர்ல ஒரு சின்னப் பிரச்சினை, லைன்லயே இருங்க என்று ஆரம்பித்தது. நல்ல தமிழ். இதமான குரல். அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார்.

"வைக்கட்டுமா?"

"வைங்கக்கா," என்றேன்.

பாதிப் பேச்சில் வைத்தார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, எதிரில் இருப்பவரைக் கேட்காமல், பட்டென்று. போனை மேசைமேல் எங்கள் இருவருக்கும் நடுவில் தள்ளினார்.

உடனே போன் மறுபடியும் அடிக்கிறது. இது வேறு எண்.

"எடுக்கட்டுமா?" என்கிறார்.

அவர்களாக இருந்தால் எடுக்கத் தேவையில்லை. டேரனாக இருந்தால் எடுக்காமல் விடக் கூடாது. எழுதுகிறவள் நான், ஒரே சொல்லில் அவனைக் கொண்டுவந்து நிறுத்திவிடலாம். அம்மா என்று எழுதினால் போதும். அந்தச் சொல்லையும் இன்றைக்கு யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்பதுதான் என் பயம். அதனால் எழுதவில்லை. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அக்கா உங்களைத்தான் பார்க்கிறார், பதிலை நீங்கள் சொல்லுங்கள்.

எனக்குச் சொல்ல ஒன்றுதான் பாக்கி. இவ்வளவு நேரம் உங்களை லைனில் வைத்திருந்தவள் நான். இதோ முடிவைச் சொல்கிறேன், வைக்காதீர்கள் என்று இன்னும் இழுத்தால் என்னையும் நம்பாதீர்கள். வைக்கட்டுமா என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே, இந்த வரி முடிவதற்குள், பட்டென்று