தாமதமாக வந்த தீவு

பசிபிக் கடலில் இருக்கும் சத்தவால் தீவின் படகுக் கொட்டகையில் அன்று ஒரு பஞ்சாயத்து. குற்றம் சாட்டப்பட்டது தீவு.

எமொல், ஆமைத் தீவுக்குப் போய்த் தன் கல்யாண விருந்துக்கு ஓர் ஆமையோடு திரும்ப வேண்டியவன். விருந்து முடிந்து, மீன் முள்ளை நாய்களும் மறந்த பிறகுதான் ஆமையோடு வந்தான். பெண்ணின் அப்பா சவுதே, தீவிலேயே பெரிய மாலுமி, கள்ளுச் சிரட்டையைத் தரையில் ணங்கென்று வைத்தார்.

"ஏன்டா லேட்டு? பொண்ணு கிடையாது, போ."

"நான் லேட் இல்ல மாமா. தீவுதான் லேட்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க முடியாது. கடலில் படகு அசையாமல் நிற்கும், தீவுகள்தான் நகர்ந்து வரும் என்று வைத்துத்தான் அங்கே எல்லோரும் வழி கணக்கிடுகிறார்கள். அப்படி இல்லை என்று மறுத்தால் சவுதே மாலுமி இல்லை. ஆமாம் என்றால் இவன்தான் மாப்பிள்ளை.

"ராத்திரியில தீவு இருக்கிற பக்கத்திலேருந்து தண்ணிக்கடியில மின்னல் மாதிரி வெளிச்சம் வெட்டி வழி காட்டுமே, அதைப் பாத்துக்கிட்டுதான் உக்காந்திருந்தேன். இடது பக்கம் ஓடுச்சு, வலது பக்கம் ஓடுச்சு, படகுக்கடியில பூந்து எம்பிக் குதிச்சுது."

"தீவா குதிச்சுது? அது டால்பின்டா, மடையா!"

"இருக்கலாம் மாமா. ஆனா தீவு மேல இருந்தது நீங்க. அது அன்னிக்கு எங்க போச்சுன்னு நீங்கதான் சொல்லணும்."

மூலையிலிருந்த ஒருவர், தனக்கும் லேசாக ஆடியது போலத்தான் இருந்தது என்றார்.

"கள்ளு குடிச்சியா?"

"அதுக்கு முன்னாடியே ஆடுச்சுங்க."

கொட்டகைக்குள் பெண்கள் வருவதில்லை. வெளியே நின்று நேயங் கத்தினாள். கல்யாணப்பெண் அவள்தான்.

"எதுக்குப்பா இவ்வளவு பேச்சு? ராத்திரி அவரு இடுப்பளவு தண்ணியில படகைக் கட்டிட்டு உக்காரட்டும். துடுப்பைத் தொடக் கூடாது. தீவு தானா வந்தா கல்யாணம். வரலைன்னா அந்த ஆமையையே கட்டிக்கட்டும்!"

சவுதேக்குப் பரம திருப்தி. ஏமாற்றவும் வழியில்லை. அன்று அமாவாசை; இருட்டுக் கடலில் துடுப்பு பட்ட இடமெல்லாம் தண்ணீர் நீலமாக ஒளிர்ந்து பற்றிக்கொள்ளும்.

ராத்திரி எமொல் படகில் கல்லாக உட்கார்ந்திருந்தான். கொசு கடித்தது, அடிக்கவில்லை. படகைச் சுற்றிக் கடல் கறுப்பாகவே இருந்தது. மணல் மட்டும் மெல்ல மெல்லக் கிட்டே வந்தது. கடைசியில் படகின் அடி கறுக்கென்று தட்டியது.

"வந்துடுச்சு!"

சவுதே ஓடிவந்து காலால் தடவிப் பார்த்தார். சந்தேகமில்லை, தீவுதான்.

"தண்ணி வத்தியிருக்குடா! இன்னிக்கு வத்துற நாள்!" கரையைத் திரும்பிப் பார்த்தார். நேயங் நிதானமாகத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"அது இருக்கட்டும். படகு அசைஞ்சுதா மாமா?"

கரையிலிருந்த மாலுமிகள் எல்லோரும் சவுதேயின் வாயையே பார்த்தார்கள்.

"...அசையல," என்றார்.

தரை தட்டிய படகு அப்போது ஒரு பக்கம் சாய்ந்தது. அதில் மல்லாந்து கிடந்த ஆமை சறுக்கி விழுந்து, நிமிர்ந்து, நீலக் கோடு இழுத்தபடி ஆழத்துக்குக் கிளம்பியது.

"டேய், விருந்து போகுதுடா!"

"அது எங்கயும் போகல மாமா," என்றான் எமொல், உட்கார்ந்தபடியே. "நாமதான் போய்க்கிட்டிருக்கோம்."