நெஞ்சுப் பெட்டியில் இன்னொருவர்

அரிசி களைந்துகொண்டிருந்த நிர்மலாவைப் பார்த்து மகள் மனிஷா தெளிவாகச் சொன்னாள்: "பன்னி."

ஐந்து வயதுவரை ஒரு சொல்கூடப் பேசாத பெண். காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெட்டி அவள் நெஞ்சில் தொங்கியது. நிர்மலா சேலையில் குத்தியிருக்கும் மைக்கில் பேசினால், குரல் கம்பியில்லாமலே பெட்டிக்குப் போய் மகளின் காதில் ஏறும். ஒரே மொழியில் பேசுங்கள், பிள்ளை குழம்பிவிடும் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஹனூரிலிருந்து வந்து கன்னட நகரத்தின் மண்டி மொஹல்லாவில் குடியிருந்தாலும், வீட்டுக்குள் தமிழ் மட்டும்தான், கன்னடத்துக்குத் தடை. மாதக்கணக்கில் தொண்டை வறளப் பேசியதற்கு இதுதான் பலன். பெற்றவளையே பன்றி என்கிறது! சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன நிர்மலாவுக்கு.

"எங்கடி கத்துக்கிட்ட, கழுதை?" என்று மகளை இழுத்து முத்தமிட்டாள்.

மனிஷா அவள் வாயைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து வேறெதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். மைக் அணைந்துதான் கிடந்தது. நிர்மலா மகளின் காதிலிருந்த கருவியைப் பிடுங்கித் தன் காதில் வைத்தாள். ஓர் ஆணின் குரல், பொறுமையாக, ஆசையாகக்கூட அழைத்தது: "பன்னி... பன்னி..."

வாருங்கள் என்னும் கன்னடம் அது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் கருவிகளைப் பழுதுபார்க்கும் பசவராஜ் உதட்டைப் பிதுக்கினார். "நோடிம்மா, பாருங்க, இந்த அலைவரிசைய கவர்மெண்டுல மாத்திக் குடுத்துட்டாங்க. இந்த மாசத்துலருந்து அது வாக்கி டாக்கிக்காரங்களுது. நாமதான் ஒதுங்கணும். வேற பெட்டி வர்றவரைக்கும் இத போடாதீங்க."

"கழட்டிட்டா எம்பட குரலே அவளுக்கு இல்லாமப் போயிருமுங்களே சார்?"

அவர் அடுத்த பிள்ளையின் பெட்டியைத் திறக்கத் தொடங்கினார். வீட்டுக்குள் மட்டும் போட்டுக்கொள்வோம் என்று அவளே முடிவுகட்டிக்கொண்டாள். எவனோ ஒருவனுக்காகத் தன் பிள்ளையை மறுபடியும் ஊமையாக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அன்று மதியம் கொடியில் துணி எடுத்துத் திரும்பினால், பிள்ளையைக் காணோம். வாசற்கதவு திறந்து கிடந்தது. சந்தின் கோடியிலிருந்த கிடங்குக்குள் ஒரு லாரி பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் நின்று ஒருவன் வாக்கி டாக்கியில் "பன்னி... பன்னி..." என்று ஓட்டுநரை அழைத்துக்கொண்டிருந்தான். மனிஷா அவனை நோக்கி நடந்தாள், லாரியின் சக்கரத்தை ஒட்டி.

நிர்மலா மைக்கை முடுக்கிக் கத்தினாள். "நில்லு!"

தமிழிலும் கன்னடத்திலும் அதற்கு ஒரே அர்த்தம். அவள் குரல் அவன் கையிலும் ஓட்டுநரிடமும் ஒலித்திருக்க வேண்டும். லாரி குலுங்கி நின்றது.

மனிஷா நிற்கவில்லை.

தன்னெதிரே வந்து நின்ற பிள்ளையைப் பார்த்து அவன் திகைத்துக் குனிந்தான். "யாரம்மா நீனு?" என்று கேட்டபோது அவன் விரல் இன்னும் வாக்கி டாக்கியின் பொத்தானிலேயே இருந்தது; அந்தக் குரல் அவள் காதிலும் ஏறியது. குரல் எங்கிருந்து வருகிறதென்று தொட்டுப் பார்க்கப் பள்ளிக்கூடத்தில் பழக்கியிருந்தார்கள். மனிஷா எட்டி, அந்த அந்நியனின் தொண்டையில் உள்ளங்கையை வைத்தாள். நிர்மலா ஒருநாளும் பார்த்திராத சிரிப்பு மகளின் முகத்தில் விரிந்தது.