அன்னக்கூடையின் காது

கீழத்தெருவுக்குப் பொதுவான அன்னக்கூடையின் ஒரு காது, சென்ற திருவிழாப் பந்தியில் சோற்றின் கனம் தாங்காமல் விளிம்போடு கிழிந்துவிட்டது. பந்தியில் சோறு ஏந்திச் செல்லும் அந்த அலுமினியப் பாத்திரம், தெருவார் அனைவரும் ஓர் அறுப்புக் கூலியில் பங்கு போட்டு வாங்கியது. அதற்கு முன்பெல்லாம் விசேஷம் என்றால், மேலத்தெருப் பெரிய வீட்டின் கொல்லைப்புறத்தில் போய் நின்றுதான் பாத்திரம் கேட்க வேண்டும். இனிமேல் அங்கே நிற்பதில்லை என்று முடிவு செய்துதான் வாங்கினார்கள். காதுக்குக் கீழே ‘கீழத்தெரு பொது’ என்று கடையிலேயே பெயர் வெட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இராஜாங்கத்தின் மகள் இசைவாணிக்கு நிச்சயதார்த்தம். தெருப் பாத்திரங்களைத் தம் வீட்டில் வைத்துப் பாதுகாக்கும் நீலாம்பாள், வெள்ளிக்கிழமை காலையில் கூடையோடு கும்பகோணம் பேருந்துக்காகக் காத்திருந்தார். எதிரே வந்த அதே தெருப் பரிதி வண்டியை நிறுத்தினான்.

“எதுக்கு அத்தை அலையிறீங்க? எங்கிட்டக் குடுங்க. நாளைக்குள்ள பத்தவச்சுத் தரேன்.”

“அலுமினியமாச்சேடா, ஒட்டுமா?”

“மெஷினு வாங்குனதே அதுக்குத்தான் அத்தை.”

அது முழு உண்மை அன்று. தஞ்சாவூரில் ஒரு நிறுவனத்தின் வரைபடப் பிரிவில் பணிபுரியும் பரிதி, அந்தச் சிறிய மிக் வெல்டிங் இயந்திரத்தை ஆசைக்காக வாங்கியிருந்தான். அதில் செய்த இரும்பு கேட்டின் படத்தைத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டபோது எல்லோரும் பாராட்டினார்கள். அவனுடைய மனைவி செம்மொழி மட்டும், “நம்ம தெருவுல பத்தவைக்கிறதுக்கு ஏற்கனவே நாலு பேரு இருக்காங்க. நீங்க மெஷினே வாங்கிட்டீங்க” என்றாள்.

அன்று மாலை அவன் எதையும் அவசரமாகச் செய்யவில்லை. ஆர்கான் வாயு, அலுமினியக் கம்பி, அலுமினியத்துக்கென்றே தனியாக வைத்திருந்த தேய்ப்புப் பிரஷ் எல்லாம் இருந்தன. கனமான ஒரு பட்டையில் பழகியும் பார்த்தான், நன்றாகவே ஒட்டியது. ஆனால் கூடையின் தகடு பட்டையைப் போலக் கனமானதன்று. பல ஆண்டுகள் தேய்த்துக் கழுவிக் கழுவி மெலிந்துபோனது. இரும்பாக இருந்தால் சிவந்து எச்சரித்திருக்கும். அலுமினியம் நிறம் மாறவில்லை. வெள்ளையாகவே இருந்து, ஒரு கணத்தில் சொட்டிக் கீழே விழுந்தது. ஓட்டையை அடைக்க முயன்றான், ஓட்டை பெரிதாயிற்று. அவன் முகக்கவசத்தைக் கழற்றியபோது ‘பொது’ என்ற சொல்லைக் காணவில்லை. அந்த இடத்தில் கை நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். திருவிடைமருதூர் வாடகைக் கடையில் அன்று கூடை இருந்திருக்கும். பரிதி கூடையின் மேல் சாக்கைப் போர்த்தினான்.

சனிக்கிழமை நீலாம்பாள் வாசலில் நின்று கேட்டார்.

“என்னடா பரிதி, கூடைக்குக் காது குத்தியாச்சா?”

“ஆச்சுங்க அத்தை. சூடு ஆறட்டும்னு வச்சிருக்கேன்.”

“நீ படிச்ச புள்ள. ஒன்ன நம்பித்தான் கும்பகோணம் போகாம இருக்கேன்.”

அவர் போனதும் பரிதி வாடகைக் கடைக்கு விரைந்தான். மறுநாள் முகூர்த்த நாள். பாத்திரங்களெல்லாம் முன்பே போய்விட்டிருந்தன. விசாரித்த மற்ற இடங்களிலும் அதே பதில்தான். திரும்பி வந்தவன் அன்றும் வாய் திறக்கவில்லை.

ஞாயிறு காலையில் பந்தல் போட்டாயிற்று, சோறும் வடித்தாயிற்று. நீலாம்பாள் கூடைக்காக வந்தார். செம்மொழிதான் சாக்கை விலக்கினாள். நீலாம்பாள் ஓட்டையைப் பார்த்தார். பிறகு பரிதியைப் பார்த்தார்.

“கூடைக்குக் காது குத்தச் சொன்னா, நீ எனக்குல்ல குத்தியிருக்கே!”

இராஜாங்கம் புது வேட்டியில் ஓடிவந்தார். சம்பந்தி வீட்டார் மன்னார்குடியைத் தாண்டிவிட்டதாகக் கைப்பேசியில் சொல்லியிருந்தார்கள்.

“வாளியிலயே போட்டுக்கலாமா அக்கா?”

“சாம்பாருக்கு வாளி, சோத்துக்குக் கூடை. சம்பந்தி எலைக்கு வாளியிலேருந்தா சோறு போடுவாங்க? பொண்ணு அங்க போயி வாழ வேணாமா?”

எந்த வீட்டில் கூடை இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

“நான் போறேன் சித்தப்பா” என்றான் பரிதி.

“நீ போனா யாரு என்னன்னு ஆயிரம் கேள்வி கேப்பாங்க. நேரமில்ல. என்னையத் தெரியும். எங்கப்பாவையும் தெரியும்” என்று சொல்லிவிட்டு இராஜாங்கம் நடந்தார்.

அவர் திரும்பி வந்தபோது தோளில் கூடை இருந்தது. புது வேட்டியின் கரையில் கறுப்புச் சேறு ஒட்டியிருந்தது. பாத்திரம் கழுவும் நீர் ஓடும் கொல்லைப்புறத்தைத் தவிர அந்த வீட்டில் வேறெங்கும் அத்தகைய சேறு கிடையாது. வேட்டியை மாற்றிக்கொண்டு சம்பந்திகளை வரவேற்கப் போனார்.

பந்தியில் சோறு பரிமாறும் பொறுப்பைப் பரிதி கேட்டு வாங்கிக்கொண்டான். கூடையில் பெரிய வீட்டாரின் பெயர் பெரிய எழுத்தில் வெட்டப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டே இலை இலையாக நகர்ந்தான். சூடு சட்டையைத் தாண்டிச் சுட்டது. சம்பந்திகளில் ஒரு பெரியவர், “தம்பி, கூடையக் கொஞ்சம் தள்ளிப் புடிங்க, வெந்துடப்போவுது” என்றார். பரிதி சிரித்துவிட்டு அப்படியே பிடித்திருந்தான்.

மாலையில் நீலாம்பாள் கூடையைப் புளியிட்டுத் துலக்கினார். இரவல் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று, வெற்றிலை பாக்கும் ஒரு சீப்புப் பழமும் உள்ளே வைத்தார்.

“இதையாவது சரியா கொண்டுபோய்க் குடு. வாசல் வழியாப் போ. இரவல் வாங்கத்தான் கொல்லைக்குப் போனோம். திருப்பிக் குடுக்க எதுக்குப் போவணும்?”

வழியெல்லாம் பரிதி ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டே போனான். ‘வாசலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், அம்மா.’ மரியாதையும் குறையாத, உறுதியும் குறையாத வாக்கியம். பெரிய வீட்டு வாசலில் நின்று அழைத்தான். உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் எழுந்து வரவில்லை.

“கூடைதானே? கொல்லப்பக்கமா வச்சிட்டுப் போயிருங்க தம்பி” என்று ஒரு பெண் குரல் மட்டும் வந்தது. அதில் கோபமோ ஏளனமோ இல்லை. வழக்கமாகச் சொல்வதைச் சொன்ன குரல்.

பரிதி வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்க் கூடையைத் துவைகல்லின் மேல் வைத்துவிட்டு வந்தான்.

பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்த இராஜாங்கம் அவனைப் பார்த்ததும் கேட்டார்.

“குடுத்தாச்சா? எந்தப் பக்கம் போனே?”

“வாசப்பக்கந்தான் சித்தப்பா.”

இராஜாங்கம் அவன் கால்களைப் பார்த்தார். கணுக்கால் வரையில் கறுப்பாக இருந்தது. அவனும் குனிந்து பார்த்தான், பிறகு நிமிரவில்லை.

“சரி” என்றார் இராஜாங்கம், வேறு பக்கம் திரும்பிக்கொண்டு. “காலக் கழுவிட்டு வா. நீ இன்னும் சாப்புடல.”