தோட்டா இல்லாத துப்பாக்கி

காசு கட்டி வேட்டையாட வரும் வெளிநாட்டுக்காரன் டெல்மர் மறுபடி வருகிறான் என்று எங்கள் வேட்டை முகாமின் முதலாளி சிகும்பு சொன்ன அன்று, சோளக்களித் தட்டைத் தள்ளி வைத்தேன். வரட்டும், வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன் நான் நடத்திய வேட்டையில் அவன் சுட்ட குண்டு காட்டெருமையின் வயிற்றில் பட்டது. அடிபட்ட எருமை புதருக்குள் புகுந்தது. தடம் பிடித்துப் பின்னால் போனவர் என் அண்ணன் முசேக்கிவா. எருமை அவரை முட்டித் தள்ளியது; அதைக் கொன்றுவிட்டோம், ஆனால் அண்ணனின் வலது கால் முழங்காலோடு போயிற்று. ஊர் திரும்பிய டெல்மர், துப்பாக்கியைத் தாங்க முசேக்கிவா பிடித்திருந்த முக்காலிக் கம்பை அவர் ஆட்டியதால்தான் குறி தப்பியது என்று கடிதம் போட்டான். முதலாளிக்கு அது வேதவாக்கு. அண்ணனின் வேலை போனது. ஜாம்பேசி ஆற்றங்கரையில் எந்த வேட்டை முகாமும் அவரைச் சேர்க்கவில்லை. கம்பாட்டி என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். எருமை மேல் எனக்குக் கோபமில்லை. டெல்மர் மேல்தான்.

டெல்மர் வந்த மறுநாள் காலை, வேட்டைக்கு முன் வழக்கமான சோதனை: கறையான் புற்றில் ஒட்டிய காகிதத்தை அவன் சுட்டுக் காட்ட வேண்டும். அண்ணனை வரச் சொல்லியிருந்தேன். சமையல்காரர், தோல் உரிப்பவர்கள், முதலாளி எல்லோரும் நின்றார்கள். டெல்மர் கூச்சமே இல்லாமல் அண்ணனிடம் நலம் விசாரித்தான்.

"ஒத்தக் கால்ல நிக்கிறேன், சார். பாத்தாத் தெரியலையா?" என்றார் அண்ணன்.

டெல்மர் கையில் இருந்தது யானையைச் சாய்க்கும் துப்பாக்கி. கழுதை உதைத்த மாதிரி உதைக்கும். துப்பாக்கியை முக்காலிக் கம்பின் மேல் வைத்து, அடிக்கட்டையைத் தோள்குழியில் அழுத்தி, இடது கையால் முன்பக்கத்தை இறுக்கிப் பிடித்து, முன்காலில் சாய்ந்து நிற்கச் சொன்னேன். உதைக்காகக் காத்திராமல் விசையை மெல்ல அழுத்தவும் சொன்னேன். எனக்கே பாடமா என்று சிரித்தான்.

இரண்டு முறை சுட்டான். வெடிச்சத்தத்திலும் துப்பாக்கி துள்ளிய துள்ளலிலும் அவன் என்ன செய்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது முறை நானே தோட்டா போடுவதுபோல் போல்ட்டைத் தள்ளி, வெறும் துப்பாக்கியை நீட்டினேன். பிறகு கம்பை விட்டு ஐந்தடி விலகி நின்றேன்.

டிக் என்றது. அவ்வளவுதான். டெல்மர் கண்ணை இறுக மூடினான், தோள் துள்ளியது, குழாய் தரையைப் பார்த்தது. முக்காலிக் கம்பு சரிந்து விழுந்தது.

"இப்பக் கம்ப ஆட்டினது யாருப்பா?" என்றார் சமையல்காரர். ஆளாளுக்குச் சிரித்தார்கள்.

தோட்டா வெடிக்கவில்லை என்று டெல்மர் முணுமுணுத்தான். நான் போல்ட்டைத் திறந்து முதலாளியிடம் காட்டினேன்.

"தோட்டாவே இல்லைங்க. உதைக்கப் போகுதேன்னு பயந்து இவரே உதறிட்டாரு. அன்னைக்கும் இதான்."

முதலாளி அண்ணனிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார், நாளையே முகாம் வேலைக்கு வரச் சொன்னார். டெல்மரின் முகம் சிவந்ததைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. அண்ணனும் சிரிப்பார் என்று திரும்பினேன். அவர் சிரிக்கவில்லை.

"இதுக்கு எவ்வளவு நேரம்டா ஆச்சு?"

"ரெண்டு நிமிஷம்ணே."

"அன்னைக்கு ஏன் பண்ணல?"

பெரிய மனிதரை நாலு பேர் முன்னால் ஏன் சங்கடப்படுத்த வேண்டும் என்று, அந்த முதல் வேட்டைக்கு முன் இந்த வெற்றுத் துப்பாக்கியை நீட்டாமல் இரண்டு குண்டோடு சோதனையை முடித்தவன் நான்தான். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் துப்பாக்கியைத் துடைக்க ஆரம்பித்தேன்.